குள்ள மச்சான்

எனக்கு அப்போது எட்டு வயது, எழுபதுகளின் கடைசி. சேவூரில் எங்கள் வீட்டில் ஒரே ஒரு பட்டுத்தறி. அப்பா சைக்கிளிலிருந்து விழுந்து வலது கையை முறித்துக்கொண்டார். தறியில் பாதிச் சேலை நின்றிருந்தது.

ஆம்பளை உட்காராத தறியில் ஆரணி முதலாளி தான் கொடுத்த பாவு நூலை விட்டுவைக்க மாட்டார். அறுத்து வேறு வீட்டுக்குக் கொடுத்துவிடுவார். பிறகு எங்கள் வீட்டில் அடுப்பு எரியாது. அதனால் தன் மச்சான் வந்து நெய்வதாக அப்பா முதலாளிக்குச் சொல்லியனுப்பினார்.

எந்த மாமாவும் வரவில்லை. அம்மாதான் தறியில் உட்கார்ந்தாள். அதுவரை அப்பாவுக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்றிக் கொடுத்துவந்தவள். தறிக்குக் கீழே கால் விடுகிற குழி, அப்பாவின் நெட்டைக் காலுக்குத் தோண்டியது. அதன் அடியிலிருந்த மிதிக்கட்டை அவள் காலுக்கு எட்டவில்லை. ஏரி மண் நாலு கூடை கொட்டி மேடாக்கி, மிதியை உயர்த்திக் கட்டிக்கொண்டாள். மண் சுமந்தது நான். எதற்கும் கூச்சப்படுகிற நான், இதை மட்டும் இன்றைக்கும் எல்லாரிடமும் சொல்லிக்கொள்வேன்.

ஒரு காலையில் முதலாளியின் கணக்குப்பிள்ளை சொல்லாமல் வந்து நின்றார். அம்மா அடுப்படிக்கு ஓடிவிட்டாள். அவர் சேலையைத் தடவித் தடவிப் பார்த்தார். குறை ஒன்றும் அகப்படவில்லை.

"எங்கடா உங்க மாமா?"

"டீ குடிக்கப் போயிருக்காரு," என்றேன், சொல்லிக்கொடுத்தபடியே.

அவர் குழியை எட்டிப் பார்த்தார். "இன்னாய்யா, பாதிக் குழி தூந்து கீது? உன் மச்சான் குள்ளனா?"

"கொஞ்சம் குட்டைங்க," என்றார் அப்பா, தரையைப் பார்த்து.

நான் சிரித்துவிட்டேன்.

அம்மா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். குழியில் காலை விட்டு உட்கார்ந்தாள். "அந்தக் குள்ள மச்சான் நான்தாங்க. எங்கனா ஒரு இழை தப்பியிருந்தா இப்பவே பாவை அறுத்துக்கினு போங்க." நூல் கோத்த நாடாவை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் தள்ளினாள்.

சேலை ஒரு விரற்கடை வளரும்வரை அவர் நின்று பார்த்தார். பிறகு நோட்டை எடுத்தார். "அடுத்த பாவு யார் பேர்ல எழுதறது?"

அப்பா தலையை நிமிர்த்தி அம்மாவைப் பார்த்தார். "அதான் நெய்யுதே. அது பேர்லயே எழுதுங்க."

"பேரைச் சொல்லுய்யா."

அப்பா அம்மாவின் பேரைச் சொன்னார். எப்போதும் 'இந்தாமே' என்று கூப்பிடுகிறவர். அவர் வாயால் அந்தப் பேரை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

தறிச்சத்தம் நின்றது. அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இன்னொரு சேலையும் நெய்ய வேண்டுமே என்றுதான் அழுகிறாள் என்று நினைத்தேன். கிட்டே போய், "அழாதம்மா, அடுத்தத அப்பா நெய்வாரு," என்றேன்.