கயிற்றை அறுத்த கை

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றது. எழுத்துப் பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள். கோயிலில் நாலு பேர் முன்னால் நின்று சாட்சி சொல்ல எனக்குக் கூச்சம். அதனால் தேவதாய் எனக்குச் செய்ததை எழுதித் தருகிறேன்.

பட்டணத்து டோல்கேட்டுக்கு வடக்கே, கடலோரத்தில் எங்கள் மீனவர் குப்பம். வருஷா வருஷம் ஒரு வரிசை வீடு கடலுக்குள் போய்க்கொண்டிருந்தது. துறைமுகச் சுவர் மண்ணைத் தடுக்கிறது என்றார்கள் சிலர். கங்கையம்மன் கோபம் என்றார்கள் சிலர். என் அப்பா வலை உலர்த்திய மணலில் இப்போது ஆள் மூழ்கும் ஆழத்துக்குத் தண்ணீர் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

மரியாளை நான் கல்யாணம் செய்த வருஷம், ஐப்பசியில், கரையில் போட ஒரு லாரி கல் வந்தது. ஒரு தெருவுக்குக் கல் போட்டால் அலை அடுத்த தெருவைத் தின்னும். யாருக்குக் கல் என்று அடிதடி. பக்கத்துத் தெரு குப்பன் துடுப்பால் என் மண்டையைப் பிளந்தான். "உன் வூட்ட கடலு எத்துக்கினு போவட்டும்டா!" என்று கத்தினான்.

காயம் ஆறுவதற்குள் புயல் வந்தது. கடல் ஏறினால் கட்டுமரத்தை வீட்டு நடுக்கம்பத்தில் கட்டுவது எங்கள் வழக்கம். மரமும் தங்கும், வீடும் நிற்கும் என்று நினைப்பு. நானும் கட்டினேன்.

மத்தியானம் தண்ணீர் தெருவுக்குள் பாய்ந்தது. மரம் மிதந்தது. அலை அதைத் தூக்கி வீட்டின்மேல் அடித்தது. திரும்பும்போது கம்பத்தை இழுத்தது. மறுபடி அடித்தது. மண்சுவர் சரிந்து, மரியாள் இடுப்புவரை புதைந்தாள். தண்ணீர் அவள் கழுத்துக்கு வந்தது. கூரை ஆடியது. மரத்தை அவிழ்த்துவிடலாம் என்றால், கயிற்று முடிச்சு ஈரத்தில் இரும்பாக இறுகிவிட்டது. கத்தியோ சுவருக்கு அடியில். நகம் பிய்ந்தது. பல்லால் கடித்தேன்.

"மாதாவே, இன்னொரு கை கொடு!" என்று அலறினேன். வேறு ஜெபம் வாயில் வரவில்லை.

குப்பன் உள்ளே வந்தான். கையில் அரிவாள். தீர்த்துக்கட்டத்தான் வருகிறான் என்று நான் மரியாள்மேல் குறுக்கே விழுந்தேன்.

"வாணாம் குப்பா, அவள வுட்டுடு!"

"உன்ன வெட்டி இன்னாடா பண்றது? கயிறு எங்க கீது?"

மரம் இடிக்கிற சத்தம் அவன் தெரு வரைக்கும் கேட்டதாம். ஓங்கி வெட்டினான். கயிறு அறுந்தது. போகிற போக்கில் மரம் அவன் காலை நசுக்கிவிட்டுப் போனது. எலும்பு வெளியே தெரிந்தது. அந்தக் காலோடு உட்கார்ந்து என்னுடன் மண்ணை வாரினான். மரியாள் பிழைத்தாள்.

குப்பன் இன்றும் நொண்டுகிறான். நான் கோயிலுக்குப் போகும்போதெல்லாம் கேலி செய்வான். "உங்க மாதாவுக்கு வேற ஆளே கெடைக்கலியா மாமு?"

"கெடைக்கல" என்பேன்.

இப்போது இரண்டு தெருவும் சேர்ந்து ஒரே வரிசையாகக் கல் போடுகிறோம். கட்டுமரத்தை யாரும் வீட்டில் கட்டுவதில்லை. ரோட்டோரம் ஆழமாகப் புதைத்த பனந்துண்டில் கட்டுகிறோம். ஐப்பசி பிறந்தால் அரிவாளைத் தீட்டி இடுப்பில் செருகிக்கொண்டுதான் ஜெபமாலை சொல்கிறேன். கடல் இன்னும் வரும். பயம் இருக்கிறது, முன்பிருந்த பகை இல்லை.

நீங்களும் மாதாவிடம் கேளுங்கள். உதவி வரும்போது, வருகிறவன் யார், கையில் என்ன என்று பார்த்துப் பயந்துவிடாதீர்கள்.

1974 ஆகஸ்ட் 15, பரலோக மாதா திருநாள்.