பதினொரு வீட்டுத் துவாரங்கள்

டண்டினோங்கில் என் கையால் எழும்பியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். நாங்கள் இருக்கும் பலகை வீட்டின் பின்பக்கத்து இரண்டு அறைகள். கராஜுக்குள் சமைக்க ஒரு குசினி. எங்கள் சங்க மண்டபத்தின் மேடையும் படிகளும். மண்டபத்து வாசலில் செருப்பு வைக்கும் தட்டுகள்கூட நான் அறுத்து ஆணி அடித்தவைதான். எண்பத்தாறில் ஊரைவிட்டு இந்தக் குளிர்நாட்டுக்கு வந்து இறங்கியபோது என்னிடம் ஐந்தாம் வகுப்புப் படிப்பு இருந்தது, இங்கிலிஷில் இருபது சொல் இருந்தது. பகலெல்லாம் தொழிற்சாலையில் கதவுச் சட்டம் இழைத்துவிட்டு வந்து இவ்வளவையும் செய்தேன். இப்போது முதுகு நிமிரவில்லை. ஏணியைப் பார்த்தாலே களைப்பு வருகிறது.

இவையெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற வேலை. நான் செய்த பெரிய வேலை கண்ணுக்குத் தெரியாது. பதினொரு வீடுகளில் குளிரை வெளியே நிற்கவைத்தேன்.

எங்கள் ஆட்கள் வாங்கியவை எல்லாம் பழைய பலகை வீடுகள். கதவடியில் விரல் போகும். யன்னல் சட்டம் சுவரோடு ஒட்டாது. சுவரின் மேற்பக்கத்தில் காற்று வரவென்றே துவாரம் வைத்திருப்பார்கள். குளிர்காலத்தில் ஹீற்றர் நாள் முழுக்க எரியும், கால் மட்டும் விறைத்துக் கிடக்கும். நான் சாமியறையிலிருந்து ஒரு ஊதுபத்தியைக் கொளுத்திக்கொண்டு சுவரோரமாக நடந்தேன். புகை நேரே எழும்பினால் அந்த இடம் சரி. வளைந்து ஓடினால் அங்கே ஓட்டை. யாரும் சொல்லித் தந்ததில்லை, எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை. கதவடிக்கு மணல் நிரப்பிய சேலைத்துண்டுச் சுருள். யன்னலுக்கு ஒட்டுப் பஞ்சு. மேல் துவாரத்துக்கு மட்டை வெட்டி வைத்து, ஒட்டி, அதன்மேல் சுவர் நிறத்திலேயே பெயின்ற். மூடியது எங்கே என்று நீங்கள் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

என் வீட்டைப் பார்த்துவிட்டுப் பத்து வீட்டுக்காரர் கேட்டார்கள். பத்துக்கும் செய்து கொடுத்தேன். ஒரு தேத்தண்ணி தந்தார்கள், போதும்.

இன்னொன்றும் செய்தேன். நாங்கள் கறித்தூள் வறுத்தால் வீட்டில் ஒருவராலும் மூச்சுவிட முடியாது. அதற்காக என் குசினியில் கடைகளுக்குப் போடுகிற, காற்றை வெளியே இழுக்கும் பெரிய காற்றாடி ஒன்றைப் பூட்டினேன். போட்டால் வீடே அதிரும், மணம் ஒரு நொடியில் வெளியே போய்விடும். அதையும் ஆறு வீட்டுக்காரர் கேட்டுப் பூட்டுவித்தார்கள்.

என் மனிசிக்குக் குளிர்காலம் வந்தால் தலையிடி. ஹீற்றரைப் போட்டுவிட்டுச் சமைக்க நிற்பாள், அரைமணியில் நெற்றியைப் பிடித்துக்கொண்டு கதிரையில் இருப்பாள். டொக்டர் குளிசை கொடுத்தார். கண்ணாடி மாற்றினோம். ‘உனக்குக் குளிரைக் கண்டாலே நோ’ என்று நான் சொல்வேன். எத்தனை வருடம் அப்படிச் சொன்னேன் என்று எண்ணிப் பார்க்க இப்போது மனமில்லை.

போன குளிர்காலத்துக்கு முன் மின்சாரக் கம்பனியிலிருந்து கடிதம் வந்தது. வீட்டைச் சோதிக்க ஆள் வரும், காசு இல்லை. எங்கே கரண்ட் வீணாகிறது, எதைத் திருத்தினால் செலவில் எவ்வளவு காசு கழிவாகத் திரும்பக் கிடைக்கும் என்று எழுதித் தருவார்கள். நான் கழிவுக்காகக் கூப்பிடவில்லை. வேலை அறிந்த ஒருவர் வந்து என் வேலையைப் பார்க்கட்டும் என்றுதான் கூப்பிட்டேன்.

வந்தது ஒரு மலேசியத் தமிழ்ப் பிள்ளை, எஞ்சினியர். ரோர்ச்சோடு கூரைக்குள் ஏறி இறங்கினாள். கதவு யன்னல் எல்லாம் கையால் தடவிப் பார்த்தாள்.

“அங்கிள், இந்த வேலை யாரு செஞ்சது? ரொம்ப நீட்டா இருக்கு.”

“வேற ஆர்? நான்தான்.”

“எங்க படிச்சீங்க?”

“அஞ்சாம் வகுப்பு, பிள்ளை.”

குசினியிலிருந்து மனிசி, “அதையும் முழுசாப் படிக்கேல்லை” என்றாள்.

பிள்ளை சிரித்தாள். பிறகு சுவரின் மேற்பக்கத்தைப் பார்த்தாள். ஹீற்றரைப் பார்த்தாள். அது காஸில் எரிகிறது, புகை குழாய் வழியாகக் கூரைக்கு மேலே போகும் வகை. “ஹீட்டரைப் போடுங்க அங்கிள். அந்த ஃபேனையும் போடுங்க. வீட்ல ஊதுபத்தி இருக்கா?”

எனக்குப் பெருமை தாங்கவில்லை. நான் இருபது வருடமாகச் செய்வதைத்தான் படித்த பிள்ளையும் கேட்கிறாள். கொளுத்திக் கொடுத்தேன். அவள் யன்னலுக்குப் போகவில்லை. ஹீற்றரின் மேல்வாயில், புகைக்குழாய் தொடங்கும் இடத்தில் பிடித்தாள். ஊதுபத்திப் புகை மேலே போகவேண்டும். அது எங்கள் பக்கம் திரும்பியது. கூடத்தைக் கடந்து குசினி வாசலில் நின்ற மனிசியின் முகத்துக்கு நேரே போனது.

பிள்ளை ஹீற்றரை உடனே நிறுத்தினாள்.

“ஃபேன் காத்தை வெளிய இழுக்குது. உள்ள வர ஒரு ஓட்டையும் இல்ல. அதனால புகைக்குழாய் வழியா இழுக்குது. ஹீட்டர் புகை முழுக்க வீட்டுக்குள்ள வருது, அங்கிள். அதுல இருக்கிற விஷவாயுவுக்கு மணமே கிடையாது.” பிறகு திரும்பி, “ஆன்ட்டி, உங்களுக்குத் தலைவலி வருமா?” என்றாள்.

மனிசி என்னைப் பார்த்தாள்.

“நல்லா செஞ்சிருக்கீங்க அங்கிள். அதான் இப்ப பிரச்சனை” என்றாள் பிள்ளை. கதவு யன்னல் அடைப்பு இருக்கட்டும், கூரைக்குள் சூடு காக்கும் பஞ்சு போட அரசாங்கக் கழிவு கிடைக்கும், மேல் துவாரங்களை இன்றைக்கே திறக்கவேண்டும், காஸ் வேலைக்காரர் பார்க்கும்வரை ஹீற்றரைத் தொடக்கூடாது என்று எழுதித் தந்துவிட்டுப் போனாள்.

நான் கதிரையில் இருந்தேன். பத்து வீடு. அதில் ஆறில் காற்றாடி.

“இஞ்சேருங்கோ, எழும்புங்கோ” என்றாள் மனிசி. தொலைபேசியைக் கையில் எடுத்திருந்தாள். “முதல்ல குழந்தை இருக்கிற வீடு.”

அவள் ஒவ்வொரு வீட்டுக்கும் எடுத்து ஹீற்றரை நிற்பாட்டச் சொன்னாள். நான் ஏணியைக் காரில் கட்டிக்கொண்டு போனேன். குழந்தை வீட்டில் தாய் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

“அண்ணை, நீங்கள்தானே மூடினது?”

“ஓம், நான்தான்.”

“பிறகேன் இப்ப திறக்கிறியள்?”

மறைக்காமல் சொன்னேன். அவள் குழந்தையின் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதற்கு மூக்குச்சளி மட்டும்தான். அதற்குப் பிறகு எனக்கு அவள் தேத்தண்ணி தரவில்லை, நான் எதிர்பார்க்கவும் இல்லை. மற்ற வீடுகளில் சிலர் திறக்கவேண்டாம் என்று மல்லுக்கட்டினார்கள், இப்போதுதான் வீடு சூடாக இருக்கிறதாம். நின்று கதைத்துத் திறந்தேன். என் பெயின்ற் நன்றாகப் பிடித்திருந்தது. ஒவ்வொன்றையும் கத்தியால் கீறித்தான் எடுக்கவேண்டியிருந்தது.

இரண்டாம் நாள் கடைசி வீடு மாஸ்டருடையது. ஊரில் பள்ளிக்கூட அதிபராக இருந்தவர், இங்கே எங்கள் சங்கச் செயலாளர்.

“படிச்சவன் செய்யவேண்டியதைப் படிக்காதவன் செய்தால் இப்பிடித்தான் வரும்” என்றார்.

“மூடச் சொல்லிக் கேக்கேக்க என்ர படிப்பைக் கேக்கேல்லையே, மாஸ்டர்? ஏணியைப் பிடியுங்கோ.”

பிடித்தார்.

ஒருவருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. காஸ் வேலைக்காரர் எல்லா வீட்டுக்கும் வந்து பார்த்துப்போனார், ஏழு வீட்டிலும் காற்றாடியைக் கழற்றிச் சிறியதாகப் பூட்டினேன். மனிசிக்கு அந்தக் குளிர்காலம் தலையிடி வரவில்லை.

இப்போது சங்கம் ஒரு கைந்நூல் அச்சிடுகிறது: வீட்டுச் சோதனைக்கு ஆளைக் கூப்பிடுவது எப்படி, எந்தக் கழிவுக்கு எந்தப் படிவம் என்று. எழுதுவது மாஸ்டர். அச்சுக்குப் போகுமுன் வாங்கி, எழுத்துக்கூட்டி வாசித்தேன். ‘காற்றுக் கசிவை ஊதுபத்தி கொண்டு எளிதில் அறியலாம்’ என்று இருக்கிறது. யார் அறிந்தது என்று இல்லை. கீழே, ‘சில வீடுகளில் அறியாமையால் துவாரங்கள் அடைக்கப்பட்டிருந்தன. சங்கம் அவற்றைத் திறப்பித்தது’ என்று இருக்கிறது.

சங்கமா ஏணியில் ஏறியது?

மாஸ்டரிடம் கேட்டேன். “உங்கட நன்மைக்குத்தான் பெயரை விட்டனான். ஆர் மூடினதெண்டு தெரிஞ்சால் சனம் என்ன கதைக்கும்?” என்றார்.

கதைக்கட்டும். இந்த எழுத்தில் நான் ஒருவர் பெயரையும் போடவில்லை. ஆனால் அந்தக் கைந்நூலில் என் பெயர் முழுதாக வரவேண்டும். ஊதுபத்தி பிடித்தவன் இவன், பதினொரு வீட்டையும் மூடியவன் இவன், இரண்டு நாளில் பதினொன்றையும் திறந்தவனும் இவன் என்று மூன்றையும் சேர்த்துப் போடவேண்டும். மூடியதை விட்டுத் திறந்ததை மட்டும் போடுவதென்றால் வேண்டாம்.

இதை எழுதும்போது மனிசி பின்னால் நின்று வாசித்தாள். “என்ர தலையிடியையும் போடச் சொல்லுங்கோ” என்றாள்.

மாஸ்டர், அதையும் போடுங்கள்.