எங்கள் பெயரையும் ஒரு மூலையில் போடுங்கள்

வெள்ளவத்தையில் நான் வேலை செய்யும் கணக்காளர் அலுவலகத்தில் அவள் சேர்ந்த அன்று, அவளைச் சக்கர நாற்காலியோடு தூக்கித்தான் உள்ளே கொண்டுவந்தோம். வாசலில் படிகள். தூக்கியவர்களில் நானும் ஒருத்தி. பையை மடியில் இறுக்கிக்கொண்டு யாரையும் பார்க்காமல் இருந்தவள், உள்ளே வந்ததும் என்னிடம், "தேங்க்ஸ் அக்கா. நாளைக்கும் இதே நேரம் வந்துருவேன்" என்றாள். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அப்படித்தான் பழக்கமானோம்.

அவள் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவள். பெற்றோர் மலையகத்திலிருந்து வேலைக்கு வந்து அங்கேயே தங்கியவர்கள். நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பாமன்கடையில் குடியேறியவள், அவளுக்கு மூத்தவள்.

ஒருநாள் பல்வலி என்று மத்தியானம் டொக்டரிடம் போனவள் சற்று நேரத்திலேயே திரும்பி வந்தாள்.

"ராம்ப் இருக்கான்னு ஃபோன்ல கேட்டேன் அக்கா. இருக்குன்னாங்க. போய்ப் பாத்தா ஒரு பலகை. சாமான் ஏத்துற பலகை."

கன்னம் வீங்கியிருந்தது. அன்றைக்கே இரண்டு பேரும் முடிவு செய்தோம், நாமே போய்ப் பார்த்து எழுதிவைப்பது என்று.

ஞாயிறுகளில் தெரிந்த த்ரீவீல்காரர் ஒருவரோடு புறப்படுவோம். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, சில நாள் கிருலப்பனை. மருந்துக்கடை, வங்கி, கோயில், கிளினிக், சாப்பாட்டுக்கடை என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம். வாசலில் படி உண்டா, சரிவுப்பாதை உண்டா, உள்ளே நாற்காலி திரும்ப இடமிருக்கிறதா. நான் கதவை அளப்பேன். அவள் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு ஃபோனில் எழுதுவாள். ஒரு புடவைக்கடைக்கு, "பக்கத்துக் கதவு பூட்டியிருக்கும், கூப்பிட்டா தொறப்பாங்க, கொஞ்சம் சத்தமா கூப்பிடணும்" என்று எழுதியிருந்தாள். நான் அதை நல்ல தமிழாக்கப் போனால் விடமாட்டாள். "இருக்கட்டும் அக்கா. போறவங்களுக்கு இதுதான் வேணும்."

எல்லாவற்றையும் திறந்த தரவாக இணையத்தில் போட்டோம். யாரும் எடுக்கலாம், காசு தரத் தேவையில்லை. ஒரேயொரு நிபந்தனை: எங்களிடமிருந்து எடுத்தது என்று சொல்லி எங்கள் பக்கத்துக்கு இணைப்புக் கொடுக்கவேண்டும். கொழும்பில் வாசல்கள் மாறிக்கொண்டே இருக்கும். தெருவோரம் வடிகால் கான் வெட்டுவார்கள், கடை கைமாறும், இருந்த சரிவு இல்லாமல் போகும். எங்கள் பெயர் இருந்தால்தான் பிழையைக் கண்டவர் எங்களிடம் வந்து சொல்வார், நாங்கள் செய்த திருத்தமும் அவர்களைப் போய்ச் சேரும். பெருமையும் கொஞ்சம் இருந்தது. அதில் மறைக்க என்ன இருக்கிறது?

மூன்று வருடம் கழிந்திருக்கும். ஒரு காலை அவள் என் மேசைக்கு வந்து ஃபோனை நீட்டினாள். கொழும்பில் சக்கர நாற்காலியோடு போகக்கூடிய இடங்களைக் காட்டும் புதிய செயலி ஒன்று. அழகான படங்கள், வண்ணங்கள். ஒரு கடையைத் தொட்டாள். "கொஞ்சம் சத்தமா கூப்பிடணும்" என்று வந்தது.

"என் வசனம் அக்கா. புள்ளிகூட மாறல."

செயலி முழுவதும் தேடினோம். எங்கள் பெயர் எங்கும் இல்லை.

நான் அந்த நிறுவனத்துக்கு மின்னஞ்சல் எழுதினேன். செயலியைக் கண்டு மகிழ்ந்தோம், எங்கள் தரவு பயன்பட்டது சந்தோஷம், அது எங்கிருந்து வந்தது என்று ஒரு வரி சேர்த்தால் நன்றியுடையவர்களாக இருப்போம் என்று. தமிழில் எழுதி, ஆங்கிலத்திலும் எழுதினேன். சிங்களத்தில் அவள் எழுதினாள். எழுதும்போதே முணுமுணுத்தாள்.

"எடுத்துட்டுப் போனவங்களுக்கு வாழ்த்து மடல் எழுதுறோமே அக்கா."

"தெரியாமச் செய்திருப்பினம். வெருட்டினா ஒண்டும் நடக்காது. மரியாதையாக் கேட்டுப் பாப்பம்."

பதில் இல்லை. மறுபடி எழுதினேன், இன்னும் மரியாதையாக. அதன்பிறகு தொலைபேசி இலக்கம் தேடி எடுத்தேன். ஓர் இளைஞர் பேசினார், நல்ல தமிழ்ப் பிள்ளை.

"ஆன்டி, நீங்கதானே ஃப்ரீ எண்டு போட்டிருக்கிறீங்க?"

"ஓம் தம்பி, ஃப்ரீதான். பேரைப் போடவேணும் எண்டும் அதிலயே எழுதியிருக்கு."

"அப்பிடிப் பாத்தா எல்லாருக்கும் போடவேணுமே. டிசைன் கெட்டுப்போகும்."

"பெரிசா வேண்டாம். ஒரு மூலையில போட்டாக் காணும்."

"நான் டீமிட்ட கதைக்கிறன், ஆன்டி."

கதைத்திருப்பார் போலும். அடுத்த மாதம் செயலியின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி வந்திருந்தது: தகவல்கள் பல்வேறு பொது மூலங்களிலிருந்து பெறப்பட்டவை. அவள் அதைப் பார்த்துவிட்டு, "நம்ம ரெண்டு பேரும் பல்வேறு ஆயிட்டோம்" என்றாள்.

அந்த ஆண்டு மழைக்காலத்தில், அவள் வீட்டுக்கு அருகிலிருந்த இரத்தப் பரிசோதனைக் கூடத்தின் முன்னால் கான் வெட்டினார்கள். சரிவுப்பாதையை உடைத்தவர்கள் திருப்பிக் கட்டவில்லை. அவள் உடனேயே எங்கள் பக்கத்தில் திருத்திவிட்டாள். அந்தச் செயலி திருத்தவில்லை. அவர்கள் ஒருதடவை எடுத்ததோடு சரி.

ஒரு சனிக்கிழமை அவள் கடைக்குப் போய்த் திரும்பும்போது அந்தக் கூடத்தின் முன்னால் கூட்டம். பாரிசவாதத்தால் ஒரு பக்கம் விழுந்துபோன கணவரைச் சக்கர நாற்காலியில் ஓர் அம்மா பரிசோதனைக்குக் கூட்டிவந்திருக்கிறார். த்ரீவீல் போய்விட்டது, மழை. வழியில் போன ஒருவர் நாற்காலியை ஈரப்படியில் ஏற்றப் பார்க்க, அது சரிந்து அந்த மனிதர் தரையில் கிடந்தார். அம்மா கையில் ஃபோனைப் பிடித்தபடி, "இதுல ராம்ப் இருக்குன்னு போட்டிருக்கே! எவன் போட்டான் இத?" என்று கத்திக்கொண்டிருந்தார்.

இவள் கிட்டப் போய் ஃபோனைப் பார்த்தாள். அவளுடைய வசனம்.

"நான்தாம்மா எழுதினேன்" என்று சொல்லிவிட்டாள்.

பொய் சொல்லவோ பேசாமல் போகவோ அவளுக்குத் தோன்றவில்லை. பின்னர் திருத்தியதையும், அவர்கள் பழையதையே வைத்திருப்பதையும் சொல்லப் பார்த்தாள். நடுவீதியில் மழைக்குள் யார் கேட்பார்கள்? அந்த அம்மா அவளுடைய நாற்காலியைப் பார்த்து, "நீயே இதுல உக்காந்துகிட்டு இப்படி எழுதலாமா?" என்று கேட்டாராம்.

திங்கட்கிழமை அலுவலகத்தில் இதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. கணினியைப் பார்த்தபடியே சொன்னாள்.

"இத்தன வருஷத்துல இத யாரு எழுதினதுன்னு யாரும் கேக்கல அக்கா. அந்தம்மாதான் மொதல்ல கேட்டாங்க."

விழுந்தவருக்கு இடுப்பெலும்பு வெடித்துவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டோம். போய்ப் பார்ப்போமா என்றேன். அவள் வரவில்லை. தனியாகப் போக எனக்கும் துணிவு வரவில்லை.

நான் நிறுவனத்துக்கு இன்னொரு மின்னஞ்சல் எழுதினேன். பெயர் வேண்டாம், அந்த ஓர் இடத்தை மட்டும் திருத்திவிடுங்கள் என்று கெஞ்சினேன். தொலைபேசியில், அந்த இளைஞர் விலகிவிட்டார் என்றார்கள். செயலியிலேயே குறைபாடு எழுதும் பெட்டி இருந்தது, அதிலும் எழுதினேன். "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று அந்தக் கணமே பதில் வந்தது. செயலியில் சரிவுப்பாதை அப்படியே இருந்தது.

"நம்ம பக்கத்த அழிச்சிருவோம் அக்கா" என்றாள்.

"அழிச்சா அவையளிட்ட இருக்கிறது போகாதே."

"ஆமா. சரியா இருக்குறதுதான் போகும்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப விடுங்க" என்றாள்.

அந்தப் பக்கத்தை அப்படியே விட்டோம். ஞாயிறுகளில் அவள் வருவதில்லை. பிறகு வீட்டிலிருந்தே வேலை செய்ய அலுவலகத்தில் அனுமதி வாங்கிக்கொண்டாள். நான் தனியாக இரண்டொரு தடவை போனேன். அவள் இல்லாமல் வாசலில் நின்று கதவை அளந்தால் எனக்கே நம்பிக்கை வரவில்லை. உள்ளே நாற்காலி திரும்புமா என்று நான் எப்படிச் சொல்வது? கொழும்பு-காலி வீதியில் புதிய கடைகள் திறந்தன, பழையவை மூடின. நாங்கள் எதையும் மாற்றவில்லை.

போன வருடம் ஒரு மின்னஞ்சல் வந்தது. நுகேகொடையிலிருந்து ஒரு மாணவி எழுதியிருந்தாள். எங்கள் தரவை வைத்து வரைபடம் ஒன்று செய்திருக்கிறாளாம். நன்றி தெரிவிக்கும் முறை சரிதானா என்று கேட்டிருந்தாள். திறந்து பார்த்தேன். வரைபடத்தின் அடியில் எங்கள் இருவரின் பெயர்களும் முழுதாக, எங்கள் பக்கத்துக்கான இணைப்போடு இருந்தன.

வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு பதில் எழுதினேன். முறை மிகச் சரி, மிக்க நன்றி, ஆனால் இந்தத் தகவல்கள் பழையவையாகிவிட்டன, யாராவது விழுந்துவிடக்கூடும், தயவுசெய்து வரைபடத்தை எடுத்துவிடுங்கள் என்று. அவள் மன்னிப்புக் கேட்டு அன்றே எடுத்துவிட்டாள்.

சாயங்காலம் கொட்டாஞ்சேனைக்கு ஃபோன் எடுத்துச் சொன்னேன்.

"பேரு சரியா போட்டிருந்தாங்களா அக்கா?"

"ஓம். ரெண்டு பேற்றையும்."

"எழுத்துப்பிழை இல்லாம?"

"இல்லாமத்தான்."

பிறகு அவள், மாதமுடிவுக் கணக்கை எந்த நாள் அனுப்பவேண்டும் என்று கேட்டாள்.