யானை வேலியும் வால்வு ரேடியோவும்

பழைய ரேடியோவைச் சரிபண்ணுவது அரை வேலைதான். அது உட்கார்ந்திருக்கும் வீட்டைச் சரிபண்ணுவது மீதி வேலை. வீடு வீடாகப் போய் ரிப்பேர் பார்த்து வாங்கிக் கட்டிக்கொள்கிற சகாக்களே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மதுக்கரைப் பக்கம் வாழைத் தோட்டக்காரர் பழனிச்சாமி, வால்பாறை எஸ்டேட் பங்களாவில் கிடந்த வால்வு ரேடியோ ஒன்றை வாங்கி வந்தார். வாங்கியதோடு விட்டாரா? சென்னிமலைச் சம்பந்திக்குப் போன் போட்டு, சிற்றலையில் வெளிநாட்டுத் தமிழ் ஒலிபரப்பு கணீரென்று கேட்கிறது என்று அளந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கேட்க வருகிறேன் என்றுவிட்டார் சம்பந்தி. அன்றைக்கு மானம் போனால் பெட்டி பழைய இரும்புக் கடைக்குத்தான் என்று பழனிச்சாமியின் மனைவி சரசக்கா தீர்ப்பே சொல்லிவிட்டார்.

கம்பி

பெட்டியைப் பாட வைக்க என்னைக் கூப்பிட்டார்கள். வெள்ளிக்கிழமை போய் இரண்டு தென்னைக்கு நடுவே ஏரியல் கட்டினேன். ஸ்டேஷன் லேசாக எட்டிப் பார்த்தது. மறுநாள் ஒன்றுமே வரவில்லை என்று போன். ஓடினேன். என் செம்புக்கம்பி மேல் வரிசையாக நாலு ஈரப் போர்வை! கனம் தாங்காமல் தொய்ந்து, கோழிக்கூண்டுத் தகரத்தில் படுத்துக் கிடக்கிறது கம்பி. சரசக்கா நிதானமாகச் சொன்னார்:

“இத்தன நீளத்துக்குக் கம்பி கட்டிப்போட்டு, சும்மா உட்டா நல்லாவா இருக்குமுங்க?”

டிக்... டிக்

திரும்ப உயர்த்திக் கட்டினேன். ஸ்டேஷன் வந்தது, கூடவே நொடிக்கொரு ‘டிக்’. வால்வை மாற்றினேன். எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றினேன். எல்.இ.டி. பல்பெல்லாம் அணைக்கச் சொன்னேன். சீரியல் ஓடும்போதே டி.வி.யையும். சரசக்கா பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. டிக் மட்டும் நிற்கவில்லை. இரண்டு மணி நேரம் மண்டை காய்ந்து வெளியே வந்து பார்த்தால், தோட்டத்தைச் சுற்றி யானைக்குப் போட்ட சோலார் வேலி! நொடிக்கொரு தரம் அது கரண்ட் விடுகிறது, என் ஏரியல் அதையும் வாங்கிக்கொள்கிறது. இதை முதலிலேயே சொல்லக்கூடாதா என்று பழனிச்சாமியிடம் எரிந்து விழுந்தேன்.

“அந்த ஸ்டேஷன்காரன் பக்கத்துல கடியாரம் வெச்சிருக்கறானாட்ட இருக்குதுன்னு நெனச்சுப்போட்டேனுங்க பாய்.”

ஞாயிற்றுக்கிழமை

சம்பந்தி காப்பியோடு உட்கார்ந்தார். நானே போய் வேலியை அணைத்துவிட்டு வந்து டயலைத் திருப்பினேன். கடல் தாண்டி வந்த குரல், பக்கத்து அறையில் பேசுவதுபோலக் கேட்டது. சம்பந்தி காப்பியைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியைப் பெட்டிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டார். பழனிச்சாமிக்குத் தரையில் கால் பாவவில்லை. எனக்கும் கண் கலங்கிப்போச்சு, பொய் சொல்வானேன். அந்த மிதப்பிலேயே வண்டியை எடுத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். வேலியைத் திரும்பப் போடவேயில்லை.

காலையில் சரசக்கா போன். வேலியோரத்து வாழை ஒரு வரிசை பூராவும் யானைக்கு விருந்தாகிவிட்டது. பெட்டி தொலைந்தது என்று நினைத்து, நானே வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றேன்.

“ரேடியோ இருந்துட்டுப் போவுதுங்க பாய், சம்பந்தி ஊரு பூரா பெருமையாச் சொல்லிப்போட்டாரு. நீங்க மட்டும் இந்தப் பக்கம் வந்துராதீங்க.”

ஆக, அந்த வேலி இப்போது யானைக்கும் எனக்கும் சேர்த்தே ஓடுகிறது.