பள்ளிக்கூடத்துக்கு உபயம்

நான் வேலை செய்யும் மருந்தகத்தில் தடுப்பூசிகள் இருக்கும் குளிர்சாதனப் பெட்டியின் வெப்பநிலையை ஒரு நாளைக்கு இரண்டு தடவை பதிவு செய்ய வேண்டும். எட்டுப் பாகையைத் தாண்டினால் அலாரம் அடிக்கும். உடனே தொலைபேசியில் அறிவிக்க வேண்டும், எழுத்தில் விளக்கம் கொடுக்க வேண்டும். பதினாறு வருடங்களாக இதைச் செய்து வருகிறேன். மகளுக்கு வகுப்பறை வெக்கையில் இரண்டாம் தடவையாக மூக்கால் இரத்தம் வடிந்த அன்று நான் வெப்பமானி ஒன்று வாங்கியது இந்தப் பழக்கத்தால்தான்.

மகள் மேற்கு சிட்னியில் ஓர் அரசுப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புப் படிக்கிறாள். பழைய செங்கல் கட்டடம். அவளுடைய அறை மேல்மாடியில் இருக்கிறது, ஜன்னல்கள் எல்லாம் மேற்குப் பார்த்தவை. ஏசி கிடையாது. கல்வித் திணைக்களம் ஏசி போடும் பட்டியலில் எங்கள் பள்ளியும் இருப்பதாக மூன்று வருடங்களாகச் சொல்லி வந்தார்கள். வகுப்பாசிரியையிடம் அனுமதி கேட்டு, வெப்பமானியைப் பின்சுவரில் வெயில் படாத இடமாகப் பார்த்து மாட்டினேன். மகள் தினமும் இரண்டு மணிக்குப் பார்த்துக் குறித்து வருவாள். பெப்ரவரியில் பள்ளி நடந்த இருபது நாட்களில் பதினொரு நாட்கள் முப்பத்து மூன்று பாகைக்கு மேல். ஒரு நாள் முப்பத்தொன்பது. எங்கும் அலாரம் அடிக்கவில்லை.

இந்தப் பள்ளிக்கு நாங்கள் கொடுக்காமல் இருந்ததில்லை. ஆண்டுத் தொடக்கத்தில் விருப்பக் கொடை கேட்டு ஒரு கடிதம் வரும். நான் ஊரில் இலவசக் கல்வியில் படித்தவள். வெளிநாட்டில் அப்படி இராது என்று நினைத்து, முதல் வருடம் முதல் நாளே அலுவலகத்தில் வரிசையில் நின்று கட்டினேன். எனக்கு முன்னும் பின்னும் நின்றவர்கள் தமிழர்கள்தான். கட்டாவிட்டால் பிள்ளையின் பெயரை வெட்டிவிடுவார்கள் என்று எல்லோருக்கும் பயம். அது கட்டாயமில்லை என்று தெரிந்த பிறகும் கட்டினோம். அதற்கு மேல் விசிறிகள், விளையாட்டிடத்துக்கு நிழல்துணி, நூலகத் தட்டுகள், மண்டபத்துக்குத் திரைச்சீலை. நாங்கள் கட்டிய வரியில் வந்திருக்க வேண்டியவற்றை, வரியையும் கட்டிவிட்டு, பள்ளி விழாக்களில் மீன் ரோல்ஸ் பொரித்து விற்று வாங்கினோம்.

மாநிலத் தேர்தலுக்கு ஒரு மாதம் இருந்தபோது பெற்றோர் சங்கம் கூடியது. செயலாளர் கோயம்புத்தூர்க்காரர், மேல்மாடியிலேயே நான்காம் வகுப்புப் படிக்கும் பையனின் தகப்பன்.

“எலெக்‌ஷன் அன்னைக்கு நம்ம ஸ்கூல்லதான் ஓட்டு. கூட்டம் அள்ளும். நாங்க வடை போடுறோம், அக்கா வழக்கம்போல மீன் ரோல்ஸ். ஒரு ரூமுக்காவது ஏசி போட்டுரலாம்.”

“அடுத்த அறைக்கு?” என்றேன்.

“அடுத்த எலெக்‌ஷன் வருதுல்ல.”

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

“அண்ணா, நாங்கள் வாங்கினால் அவங்கள் எங்களைப் பட்டியலில இருந்து எடுத்துப்போடுவாங்கள். வாங்க ஏலாத பள்ளிக்கூடத்துக்கும் ‘நீங்களும் ரோல்ஸ் வித்து வாங்குங்கோ’ எண்டு சொல்லுவாங்கள். ஏசிக்கு எண்டால் நான் ரோல்ஸ் பொரிக்கமாட்டன்.”

பிறகு செயலாளர், பேச்சை லேசாக்குவதற்காகவே, “நம்ம கோயில்ல ஒரு டியூப்லைட் குடுத்தவன்கூட வெளிச்சம் வெளிய வராத அளவுக்கு உபயம்னு பேரெழுதி வச்சிருக்கான். நாம இவ்வளவு குடுத்தும் ஒரு எழுத்து இல்ல” என்றார்.

அவர் சொன்னது பகிடிக்கு. நான் அதைக் குறிப்பேட்டில் எழுதினேன்.

அடுத்த இரண்டு வாரமும் சங்கத்தின் பழைய கூட்டக் குறிப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பெற்றோர் பணத்தில் வாங்கி இன்னும் பாவனையில் இருந்தவை அறுபத்து நான்கு பொருட்கள். ஹரிஸ் பார்க்கில் திருமண அட்டை அச்சடிக்கும் கடையில் அறுபத்து நான்கு ஒட்டுத்தாள்கள் அடிக்கக் கொடுத்தேன். ‘அரசு தந்திருக்க வேண்டிய இதைப் பெற்றோர் வாங்கிக் கொடுத்தார்கள்’ என்று ஆங்கிலத்தில் வாசகம். கடைக்காரர் வாசித்துவிட்டு, “எந்தக் கட்சி?” என்று கேட்டார். கட்சி இல்லை, பள்ளிக்கூடம் என்றேன். தங்க நிற ஓரம் இலவசமாகப் போட்டுத் தந்தார்.

தேர்தலுக்கு முதல் நாள் வெள்ளிக்கிழமை, பள்ளி விட்ட பிறகு ஒட்டினோம். விசிறிகளில், தட்டுகளில், நிழல்துணிக் கம்பங்களில், கடைசியாக மண்டபத் திரையில். யாரோ படம் எடுத்து மேலிடத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். பள்ளி அதிபர் மண்டபத்துக்கு வந்தார். என் வயதுதான் அவருக்கும் இருக்கும்.

“இவற்றைக் கழற்றும்படி உங்களிடம் கேட்கச் சொல்லியிருக்கிறார்கள்.”

“கழற்ற வேண்டும் என்பது உங்கள் விருப்பமா?”

அவர் திரையைப் பார்த்தார். “நான் அரசு ஊழியர்.”

“சரி. நீங்கள் கேட்டீர்கள், நான் மாட்டேன் என்றேன். இரண்டையும் எழுதிக்கொள்கிறேன்.”

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். அவர் முகத்தில் நிம்மதி தெரிந்ததாக எனக்குப் பட்டது. பட்டதுதான், நிச்சயமில்லை. ஆகவே அதைக் குறிப்பில் சேர்க்கவில்லை.

மறுநாள் வாக்களிக்க வந்தவர்கள் வரிசையில் நின்றபடியே ஒட்டுத்தாள்களை வாசித்தார்கள். வடை விற்பனை நடந்தது. அந்தப் பணம் ஆறாம் வகுப்பின் சுற்றுலாவுக்கு என்று முன்கூட்டியே தீர்மானம் எழுதியிருந்தோம். தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் ஒரு படப்பிடிப்பாளரோடு வந்தார். வடையைக் கடித்துக்கொண்டே கம்பத்தில் இருந்ததை வாசித்துவிட்டு, “அருமையான சமூக உணர்வு” என்றார்.

“உணர்வில்லை. உங்கள் வேலை. நாங்கள் செய்தோம்” என்றேன்.

பின்னால் நின்ற செயலாளர் தமிழில் முணுமுணுத்தார். “அக்கா, அந்தாளு வடையை முழுங்கட்டும், அப்புறம் திட்டுங்க.”

விழுங்கும்வரை பொறுத்திருந்தேன். மேல்மாடிக்கு ஐந்து நிமிடம் வரச் சொன்னேன். வேறொரு வாக்குச்சாவடிக்குப் போக வேண்டுமாம். குறிப்பேட்டைத் திறந்து, ஏசி எப்போது வரும் என்று எழுதிக் கையெழுத்திடும்படி நீட்டினேன். கவனிக்கிறேன் என்று சொல்லிச் சிரித்தார். அன்றைய குறிப்பில் அது இப்படி இருக்கிறது: பதினொன்று இருபது. கவனிக்கிறாராம். கையெழுத்து இல்லை.

வீட்டில் சொல்லிப் பெருமைப்பட்டேன். மகள் சாப்பாட்டுக் கோப்பையிலிருந்து தலையை நிமிர்த்தாமல் ஆங்கிலத்தில் கேட்டாள், “செவ்வாய்க்கிழமை முப்பத்தாறாம். ஏசி வாங்கியிருந்தால் எனக்கு வேர்க்காது, இல்லையா?”

“ஓம்.”

“அப்போ கொள்கை உங்களுடையது. மூக்கு என்னுடையது.”

சரியான கணக்கு அது. நான் மறுத்ததன் செலவை அவள் கட்டிக்கொண்டிருந்தாள். ஏசியை வாங்கவும் கூடாது, பிள்ளைகளை அந்த அறையில் விடவும் கூடாது. ஞாயிறு முழுவதும் யோசித்துவிட்டுச் செயலாளருக்குத் தொலைபேசி எடுத்தேன். வெளியே முப்பத்தைந்து பாகையைத் தாண்டும் நாட்களில், ஒரு மணிக்கு மேல்மாடிப் பிள்ளைகளை நாங்களே வந்து கூட்டிப்போவது என்று முடிவானது. அவர் மற்றவர்களுக்குச் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை வெளியே முப்பத்தாறு. அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு ஒரு மணிக்குப் பள்ளி அலுவலகத்துக்குப் போனேன். செயலாளர் அங்கே நின்றார். அவருக்குப் பின்னால் இன்னும் ஒன்பது பேர். இருவர் வேலைச் சீருடையோடே வந்திருந்தார்கள். பிள்ளையை இடையில் கூட்டிப்போவதென்றால் அங்குள்ள கணினித் திரையில் காரணத்தைப் பதிய வேண்டும். ஒவ்வொரு பதிவும் திணைக்களத்துக்குப் போகும். நோய், மருத்துவரிடம் போவது, குடும்ப அலுவல் என்று பட்டியல் இருந்தது. வெப்பம் இல்லை.

“நோய் என்று போடுங்களேன்” என்றார் அலுவலகப் பெண்.

“அவளுக்கு நோயில்லை. வருவதற்கு முன் கூட்டிப்போகிறேன்.”

“அப்படியானால் வேறு காரணம் என்பதில் எழுதலாம்.”

எழுதினேன். மேல்மாடி வகுப்பறை, ஒரு மணி, முப்பத்தேழு பாகை. ஆசிரியை அப்போதுதான் கீழே சொல்லியனுப்பிய அளவு அது. செயலாளர் என் தோளுக்கு மேலால் பார்த்து அதையே தானும் எழுதினார். ஒவ்வொருவராகப் பதினொரு பேரும் எழுதினோம். பிள்ளைகள் புத்தகப் பைகளோடு படியிறங்கி வந்தார்கள்.

அலுவலகப் பெண் திரையைப் பார்த்தார், பிறகு எங்களைப் பார்த்தார். “நாளைக்கும் எல்லோரும் வருவீர்களா?”

வானிலை அறிக்கையை ஏற்கெனவே குறித்து வைத்திருந்தேன்.

“நாளைக்கு முப்பத்திரண்டுதான், வரமாட்டோம். வியாழக்கிழமை முப்பத்தாறு. வியாழக்கிழமை வருவோம்.”