இடுப்பு நோவென்று கேட்ட ஜெபம்

சகோதரர்களே, என் மனைவி ரோசலினிடம் கேட்டுவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன். போன விதைப்புக் காலத்தில், நாற்பத்தாறு வயதில், எனக்கு ஆண்மை போய்விட்டது. ரோசலினுக்குச் சாக்குச் சொல்லி மூன்று மாதம் பார்த்தேன். ஒன்றும் சரிவரவில்லை. செத்துவிடலாம் போல இருந்தது. யானைக் காவல் என்று சொல்லி வயல் வட்டையிலேயே படுக்கத் தொடங்கினேன். அறுவடை முடிந்தும் போனேன்.

“வெட்டின வயலுக்கு என்ன காவல்? உண்மையச் சொல்லுங்க, வேற ஆரும் இருக்காளா?” என்று ரோசலின் அழுதாள். அன்றுதான் அவளிடம் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் பாஸ்டர் என் விண்ணப்பத்தைக் கேட்டார். சபை நிறையப் பெண்கள். வாயில் வந்தது, “இடுப்பு நோ, பாஸ்டர்.”

போச்சு! மூன்று வெள்ளி என்னை முழங்காலில் நிறுத்தி இடுப்பில் கைவைத்து ஜெபித்தார்கள். எஸ்தர் அக்கா, “இடுப்பே, விடுதலையாகு!” என்று கத்துவா. வீட்டில் நான்கு போத்தல் நோவெண்ணெய் சேர்ந்தது. ரோசலினுக்குப் பொறுக்கவில்லை.

“பொய்க்கு ஜெபம் கேட்டது காணும். மறுகா டொக்டரிட்டயும் இதச் சொன்னீங்க எண்டா நான் அம்மா வீட்ட போறன்.”

டொக்டர் ஒரு இளம் பெண். அவரைக் கண்டதும் எனக்கு வெட்கமாகிவிட்டது. “இடுப்பு...” என்றேன். ரோசலின் என் பின்தொடையில் கிள்ளினாள். நான் இடுப்பைத் தடவிக் காட்டிக்கொண்டே இருந்தேன்.

“தோல் கழருற மாதிரிக் கிள்ளினன், இவருக்கு நோகலயே!” என்றாள்.

டொக்டர் பேனையை வைத்தார். “ஐயா, சைக்கிள் சீட்டில படுற இடம் மரத்திருக்கா? சலம் போகக் கஷ்டமா?”

இரண்டுக்கும் ஓம். பிறகு எல்லாவற்றையும் கொட்டினேன். ஊசியால் குத்திப் பார்த்தார், குதிகாலுக்கு மேலே சுத்தியலால் தட்டினார், இரத்தத்தில் சீனி பார்த்தார். அன்றே ஸ்கேன் எடுத்தார்கள்.

“முள்ளந்தண்டில டிஸ்க் விலகி நரம்ப நெரிக்குது. பிரச்சின உங்கட இடுப்பிலதான். உடன ஒப்பரேசன் செய்யணும்.”

“ஸ்தோத்திரம்!” என்று ரோசலின் போட்ட சத்தத்தில் நேர்ஸ் ஓடி வந்தா. நான் சிரித்தேன், அழுதேன், இரண்டும் ஒன்றாக வந்தது. நான் பொய்யென்று நினைத்துக் காட்டிய இடத்தில்தான் சபை கைவைத்திருந்தது!

ஒப்பரேசன் முடிந்து ஏழு மாதம். சுகம் மெல்ல மெல்லத்தான் வந்தது. இன்னும் முழுதாக வரவில்லை, ஆனாலும் நாங்கள் இருவரும் சந்தோசமாக இருக்கிறோம். இப்போது வீட்டில்தான் படுக்கிறேன்.

வெட்கத்தோடு இருக்கிற சகோதரரே, நம்பி ஜெபியுங்கள். கர்த்தருக்கு நீங்கள் சொல்லாமலே இடம் தெரியும். டொக்டருக்குத் தெரியாது. வாயைத் திறந்து சொல்லுங்கள்.