டப்பாவில் போட்டிருந்தது

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக எழுத்துக் கூட்டிப் படித்தவள் நான். அதை ஊரும் மறந்துவிடாதபடி பார்த்துக்கொண்டேன். பஸ் போர்டு, சோப்பு உறை, சந்தை நோட்டீஸ், எதையும் சத்தமாகப் படித்துவிட்டுத்தான் நகர்வேன். அந்தப் படிப்பு ஒரு வீட்டையே காப்பாற்றியபோது எனக்கு ஆறாம் வகுப்பு.

உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில், ஓலைச் சாளையைப் பிரித்துவிட்டு ஓட்டு வீடு கட்டினோம். ஊரார் வீடுகளுக்கெல்லாம் சித்தாளாகக் கலவை சுமந்த அம்மா, சொந்த வீட்டுக்குச் சுமந்தது அப்போதுதான். சிமென்ட் பூச்சு முடிந்து ஒரு வாரம் நானும் அவரும் குடம் குடமாகச் சுவருக்குத் தண்ணீர் விட்டோம். குடிபுகப் பத்து நாள் இருக்கையில் பெரியப்பா நீல டிஸ்டெம்பர் டப்பாவோடு வந்து இறங்கினார். தம்பி வீடு நீலமாக ஜொலிக்கப் போகிறது என்று சொந்தக்காரர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தார். அவர் சொன்னால் அப்பா மறுபேச்சுப் பேசமாட்டார். அம்மாவுக்கோ, கணவனின் அண்ணனோடு நேருக்கு நேர் பேசுகிற வழக்கமே இல்லை.

அன்று காலை அம்மா ஒவ்வொரு சுவரிலும் உள்ளங்கையை வைத்து வைத்து நின்றார். புது வீட்டைத் தடவிக் கொடுக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு கதவுக்குப் பின்னால் போய் நின்று என்னைக் கூப்பிட்டார்.

"கண்ணு, அந்த டப்பா மேல என்னமோ எழுதியிருக்குதே, படி."

பொடிப் பொடியான இங்கிலீஷ். எனக்குப் பிடிபட்டது ஒரே சொல்: டிரை. காயவேண்டும் என்று அர்த்தம் சொன்னேன்.

"ஒரு மாசமாச்சும் காயோணும்னு போட்டிருக்குதா பாரு."

விரலை வைத்துத் தேடினேன். அத்தனை எழுத்தில் ஒரு மாசம் எங்கேயாவது இருக்கத்தானே வேண்டும்? ஆமாம் என்றேன். அதுவரைக்கும் சுண்ணாம்பு அடிக்கச் சொல்லியிருக்குமே என்றார். அதற்கும் ஆமாம் என்றேன்.

பெரியப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏனம்மணி, நெசமாலுமே அப்படித்தான் போட்டிருக்குதா?"

"போட்டிருக்குதுங்க பெரியப்பா. இங்கிலீஷுல."

இங்கிலீஷ் என்றதும் அப்பாவே தலையாட்டிவிட்டார். பெரியப்பா மட்டும் மசியவில்லை. மற்றச் சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொள்ளுங்கள், முன்னறைச் சுவர் ஒன்றை நான் நீலமாக்கிக் காட்டுகிறேன் என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பிரஷ்ஷை எடுத்தார்.

குடிபுகுந்த அன்று எங்கள் வீடு சுண்ணாம்பில் பளீரென்று இருந்தது. பெரியப்பாவின் சுவரில் மட்டும் உப்பு பூத்து, நீலம் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. அதை மறைக்க அதன்மேலேயே சாய்ந்து நின்று வந்தவர்களை வரவேற்றார். பந்திக்குத் திரும்பி நடந்தபோது வெள்ளைச் சட்டையின் முதுகு முழுக்க நீலம்.

"ஏனுங் மச்சான், சுவத்துக்கு அடிச்சீங்களா, சட்டைக்கு அடிச்சீங்களா?" என்றார் என் தாய்மாமன். பந்தி சிரித்து அடங்க வெகுநேரமானது.

பெரியப்பாவும் சிரித்துவிட்டார். என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, தன் ஜிலேபியை என் இலைக்கு மாற்றிவிட்டு, "அம்மணி படிச்சது செரிதானுங்க" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். அன்று முழுக்க நான் கலெக்டர் மாதிரி நடந்தேன்.

ஒரு மாதம் கழித்து அடித்த நீலம் பல வருஷம் நின்றது. காலி டப்பாவில் அம்மா கொள்ளு போட்டு வைத்தார். கல்லூரி விடுமுறையில் ஒருநாள் கொள்ளு எடுக்கப் போனபோது, அந்தப் பொடி எழுத்தை முழுசாகப் படித்தேன். ஒரு பூச்சுக்கும் அடுத்த பூச்சுக்கும் நடுவே நான்கு மணி நேரம் காயவிட வேண்டும் என்றிருந்தது. டப்பாவைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். ஒரு மாசமும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை.

அம்மா தன் வாழ்நாளில் பெரியப்பாவை எதிர்த்துப் பேசியது அந்த ஒருமுறைதான். அதையும் இங்கிலீஷில் பேசியிருக்கிறார்.